தூதில் இல்லாதவர்: குறளின் 'தூது' அதிகாரமும் ஜே. என். தீட்சித்தின் கொழும்புப் பணியும்

தொல்காப்பியர் அகத்திணையியலில் பிரிவுக்குரிய காரணங்களை வகுக்குமிடத்து ஓதல், பகை, தூது ஆகிய மூன்றனையும் ஒருங்கு நிறுத்துகிறார். அவற்றுள் ஓதலும் தூதும் உயர்ந்தோர்க்கு உரியன என்றும் வரையறுக்கிறார். தூது பகைக்கு அடுத்து வைக்கப்பட்டமை ஈண்டு நோக்கத்தக்கது. பகையில்லாத இடத்தில் தூதனுக்கு வேலை குறைவு; பகை முற்றிய இடத்தில் அவனுக்கு வேலையே இல்லை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட, போரும் அமைதியும் அல்லாத ஒரு காலமே தூதனின் காலம். அக்காலத்தை ஏறத்தாழத் தம் பணிவாழ்வு முழுவதும் வாழ்ந்தவர் ஒருவரின் நூலை வள்ளுவரின் 'தூது' அதிகாரத்தோடு (69) வைத்துப் படிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அவர் ஜே. என். தீட்சித் (1936–2005). சென்னையில் பிறந்தவர், மலையாள எழுத்தாளர் முன்ஷி பரமு பிள்ளையின் மகன். 1958இல் இந்திய அயலுறவுப் பணியில் சேர்ந்தார். வங்கதேசம் பிறந்தபின் டாக்காவில் இந்தியத் தூதரகப் பொறுப்பை முதலில் ஏற்றவர் அவரே. சோவியத் படைகள் நிலைகொண்டிருந்த காலத்துக் காபூலில் 1982 முதல் 1985 வரை தூதர். 1985 முதல் 1989 வரை கொழும்பில் உயர் ஆணையர். பின்னர் 1991 வரை இஸ்லாமாபாத்தில் உயர் ஆணையர். 1991 திசம்பர் முதல் 1994 சனவரி வரை அயலுறவுச் செயலாளராக இருந்தார். 2004இல் தேசியப் பாதுகாப்பு ஆலோசகரானார். இப்பட்டியலில் இணக்கமான அண்டை நாடு என்று ஒன்றைச் சுட்டுவது அரிது. கொழும்புக் காலத்தை அவர் 'அசைன்மென்ட் கொழும்பு' (1998) என்னும் ஆங்கில நூலாக எழுதினார். வரலாற்று மாணவரும் அரசியல் எழுத்தாளரும் எடுத்தாளும் இந்நூலைத் தமிழ்த் திறனாய்வு தன் பொருளாகக் கொள்ளவேண்டியதற்குக் காரணம் எளிது. தமிழ்நாட்டின் தலைநகரில் பிறந்த ஒருவர், தமிழரைப் பற்றித் தமிழர் சார்பாகவும் தமிழர்க்கு எதிராகவும் தூதுரைத்த வரலாறு அது. தூதுக்கு இலக்கணம் வகுத்த மொழி அந்நூலைத் தன் அளவுகோலால் அளந்து பார்க்கக் கடமைப்பட்டுள்ளது.

இருவகைத் தூதர்

தூது என்பது சந்தி செய்தற்கும் போர் செய்தற்கும் வேற்றரசரிடம் செல்வாரது தன்மை என்பது பரிமேலழகர் கொள்கை. அத்தகையோரை அவர் இருவகைப்படுத்துகிறார். தானே வகுத்துக் கூறுவான் ஒருவன். அரசன் கூறியதைக் கூறுவான் மற்றொருவன். முன்னவன் அமைச்சனோடு ஒப்பவைக்கப்படுகிறான். பின்னவன் அவனிற் குறைந்தவன். அதிகாரத்தின் முதலிரு குறள்களும் இருவர்க்கும் பொது. 683 முதல் 687 வரையுள்ளவை முன்னவனுக்கும், 688 முதல் 690 வரையுள்ள மூன்றும் பின்னவனுக்கும் உரியன என்பது அவர் பகுப்பு.

இப்பகுப்பை வகுப்பறைகளில் நாம் பெரும்பாலும் ஒரு தகவலாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். ஆனால் இதனால் விளையும் பொருள் சிறியதன்று. தனக்கு இறுதியே வருமெனினும் அஞ்சாது தன் அரசனுக்கு நன்மை தேடித்தருபவனே தூதன் என்னும் கருத்துடைய 690ஆம் குறள், மேடைகளில் தூதர் அனைவர்க்கும் உரிய வீரப்பண்பாகவே எடுத்துரைக்கப்படுகிறது. பரிமேலழகர் பகுப்பின்படி அக்குறள் கூறியது கூறும் கடைநிலைத் தூதனுக்கே உரியது. காலமும் இடமும் நோக்கித் தானே ஆய்ந்து உரைக்கும் தலைமைத் தூதனுக்குச் சொல்வன்மை, அறிவு, தோற்றம், கல்வி என எல்லாம் விதிக்கப்படுகின்றன, இறப்பு விதிக்கப்படவில்லை. முடிவெடுக்கும் உரிமை ஒருவனிடத்தும் சாகும் கடமை மற்றொருவனிடத்தும் இருப்பதை உரை ஓசையின்றிப் பதிவு செய்திருக்கிறது. பரிமேலழகர் இதனைக் குறையாகக் கருதினார் என்று கூற இயலாது. ஆயினும் கொழும்பு வரலாற்றைப் படித்தபின் இப்பகுப்பைப் பழைய அமைதியோடு படிக்க முடியவில்லை.

அன்பு என்னும் சொல்லும் இவ்வாறே. அதிகாரத்தில் அது இருமுறை வருகிறது. முதற்குறளில் வருவதைத் தன் சுற்றத்தார்மேற் கொண்ட அன்பு என்றும், இரண்டாங்குறளில் வருவதைத் தன் அரசன்பாற் கொண்ட அன்பு என்றும் பரிமேலழகர் வேறுபடுத்துகிறார். நுட்பமான உரை. ஆனால் எவர் பொருட்டுத் தூது நிகழ்கிறதோ, அவர்மேற் செல்லும் அன்புக்கு இவ்வுரையில் இடமில்லை. அனுப்பும் அரசன், கேட்கும் அரசன், இடைநிற்கும் தூதன் என மூவரால் அமைந்த அதிகாரம் இது. நான்காம் ஒருவர் இதில் இல்லை.

ஔவையார் சென்ற தூது

தமிழில் தூதரைப் பற்றிப் பேசுவோர் ஔவையாரைக் கடந்து செல்லல் ஆகாது. அதியமான் நெடுமான் அஞ்சி விடுப்பத் தொண்டைமானிடம் சென்ற அவருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்ட, அவர் பாடியதாகப் புறநானூற்று 95ஆம் பாட்டின் கொளு கூறுகிறது. தகடூரும் தொண்டைநாடும் அண்டை நிலங்கள். காட்டப்பட்ட கருவிகள் பீலி சூடி, மாலை அணிந்து, நெய் பூசிக் காவலில் இருக்கின்றன என்று புகழ்ந்து, தம் தலைவனுடைய வேல்களோ நுனி முரிந்து கொல்லன் கொட்டிலிற் கிடக்கின்றன என்று முடிக்கிறார். இது தொண்டைமானை இகழ்ந்ததாகும் என்பதில் உரையாசிரியர்க்கு ஐயமில்லை.

ஆனால் கட்டுரையாளர் வற்புறுத்த விரும்புவது வேறு. பாட்டின் நடுவே அதியமானின் படைவலிமை பற்றி ஒரு சொல்லும் இல்லை. செல்வம் உள்ளபோது பிறர்க்கு உணவளித்து, இல்லாதபோது இருப்பதைப் பிறரோடு பகிர்ந்துண்பவன் என்றும், வறியோர் சுற்றத்துக்குத் தலைவன் என்றும் அவன் அறியப்படுகிறான். இரு அரசர்க்கிடையே நிகழும் படைக்கலப் பேச்சில் ஔவையார் பசித்தவரைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார். குறளதிகாரம் விட்டுச்சென்ற நான்காம் இடம் புறப்பாட்டில் நிரம்பியிருக்கிறது. ஔவையாரும் அவ்வறியோர் சுற்றத்தைச் சேர்ந்த பாணர் மரபினர் என்பதால் இது நிகழ்ந்ததா என்பது தனியே ஆராயத்தக்கது.

இத்தூதினால் போர் தவிர்க்கப்பட்டது என்று பாடநூல்கள் எழுதிவருகின்றன. பாட்டிலோ கொளுவிலோ அதற்குச் சான்றில்லை. நாம் அறிவது, அதியமான் பின்னர்ச் சேரனிடம் வீழ்ந்தான் என்பதும் ஔவையார் அவனுக்குக் கையறுநிலை பாடினார் என்பதுமே. நல்ல தூது நல்ல முடிவைத் தரும் என்ற நம்பிக்கையை நாம் பாட்டுக்குள் ஏற்றிப் படிக்கிறோம். உறையூரில் நெடுங்கிள்ளி, நலங்கிள்ளியிடமிருந்து வந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் என ஐயுற்றுக் கொல்லப் புகுந்தபோது கோவூர்கிழார் பாடித் தடுத்ததைப் புறம் 47 சொல்கிறது. தாயாதியரின் பூசலில் புலவன் உயிரும் கணப்பொழுதில் தொங்கியது என்பதே அங்கு நமக்குக் கிடைக்கும் செய்தி.

கொழும்பு: 1985–1989

தீட்சித் கொழும்பு சேர்ந்தபோது 1983 சூலைக் கொடுமைக்குப் பின் ஈராண்டு கடந்திருந்தது. 1985இல் திம்புப் பேச்சு நடந்து முறிந்தது. 1987 மே இறுதியில் வடமராட்சியில் இலங்கைப் படை பெருந்தாக்குதல் தொடங்கிற்று. சூன் 3ஆம் நாள் உணவுப்பொருளோடு சென்ற இந்தியப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்ப, மறுநாள் இந்திய வானூர்திகள் மிராஜ் போர் விமானங்களின் காவலோடு யாழ்ப்பாணத்தின்மேல் அப்பொருள்களை இட்டன. அண்டை நாட்டின் வான்வெளியை அதன் இசைவின்றிக் கடந்த செயல் அது. வள்ளுவர் கூறும் தூதன் சொல்லால் செய்யவேண்டியதை வானூர்தி செய்தது. அதன்பின் எட்டு வாரங்களுக்குள், 1987 சூலை 29இல், கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர்.

அவ்வெட்டு வாரங்களில் தீட்சித் வெறுமனே கூறியது கூறுவானாக இருந்தார் என்று எவரும் கூறார். அவர் வகுத்துக் கூறிய தூதர். பரிமேலழகர் சொல்வதுபோல் அமைச்சரோடு ஒப்பானவர். இலங்கைச் செய்தித்தாள்கள் அவரை 'வைஸ்ராய்' என்று அழைத்தன. அப்பட்டம் ஏளனமாக எழுந்ததெனினும் இலக்கணப்படி கூர்மையானது. தூதன் மன்னனுக்கு நிகராகத் தோன்றுமிடத்தில் தூது முடிந்து ஆட்சி தொடங்கிவிடுகிறது. 685ஆம் குறள் கடுஞ்சொல் நீக்கிக் கேட்போர் மகிழச் சொல்லுதலைத் தூதனுக்கு விதிக்கிறது. கொழும்பில் சிங்களத் தலைவரோ புதுதில்லியில் தமிழ்ப் போராளிகளோ தீட்சித்தின் பேச்சைக் கேட்டு மகிழ்ந்ததாகச் செய்தியில்லை.

1987 சூலை இறுதியில் வேலுப்பிள்ளை பிரபாகரன் யாழ்ப்பாணத்திலிருந்து அழைத்துவரப்பட்டு தில்லி அசோகா விடுதியில் தங்கவைக்கப்பட்ட நாள்களை அன்ரன் பாலசிங்கம் தம் 'விடுதலை' (2003) நூலில் எழுதியுள்ளார். அங்கே தீட்சித் மிரட்டும் குரலில் பேசும் ஒருவராகவே காட்டப்படுகிறார். எதிர்த்தரப்பினரின் எழுத்து என்பதால் அதனை அப்படியே ஏற்கவேண்டியதில்லை. ஆனால் ஒரே அறையில் நிகழ்ந்த பேச்சு இரு நூல்களில் இருவேறு தொனியோடு நிற்கிறது என்பது திறனாய்வாளர்க்குப் பொருளாகும். தூதனின் சொல்லுக்குச் சாட்சி தூதன் மட்டும் அல்லன் என்பதைத் தமிழ் நூல் நமக்குக் காட்டுகிறது.

இதனினும் கடுமையான செய்தி ஒன்று உண்டு. இந்திய அமைதிகாக்கும் படையின் தளபதியாகப் பணியாற்றிய ஹர்கிரத் சிங், 2006இல் வெளியான தம் நூலில், 1987 செப்டம்பரில் பேச்சுக்கு வரவிருந்த பிரபாகரனைப் பிடிக்கவோ சுடவோ வேண்டுமெனத் தீட்சித் தம்மிடம் கூறியதாகவும் தாம் மறுத்ததாகவும் எழுதியுள்ளார். அந்நூல் வந்தபோது தீட்சித் மறைந்து ஓராண்டு கடந்திருந்தது. ஒருதரப்புக் கூற்று என்ற அளவிலேயே இதனைக் கொள்ளல் வேண்டும். இதன்மேல் தீர்ப்பெழுதுதல் முறையன்று. ஆயினும் தூது வந்தாரைக் கொல்லுதல் அறமன்று என்பது நம் காப்பிய மரபின் அடித்தளம். கம்பனின் வீடணன் அனுமன் பொருட்டு இராவணன் அவையில் வாதிடுவது அதனையே. வில்லிபாரதத்தில் கண்ணனைப் பொய்யாசனத்தில் வீழ்த்தத் துரியோதனன் செய்யும் சூழ்ச்சி அவ்வறத்தின் மீறலாகவே பாடப்படுகிறது. படைத்தலைவன் தூதறத்தைப் பேசுகிறான், தூதன்மேல் அதனை மீறிய குற்றச்சாட்டு நிற்கிறது என்னும் இத்தலைகீழ் நிலையைப் பழைய காப்பியங்களில் கட்டுரையாளர் கண்டதில்லை.

செப்டம்பர் 26இல் நல்லூரில் உண்ணாநோன்பிருந்த திலீபன் இறந்தார். அக்டோபர் தொடக்கத்தில், பிடிக்கப்பட்டுப் பலாலியில் வைக்கப்பட்டிருந்த குமரப்பா, புலேந்திரன் முதலிய பன்னிருவர் நஞ்சுண்டு இறந்தனர். அக்டோபர் 10 முதல் போர். 21, 22ஆம் நாள்களில், தீபாவளியை ஒட்டி, யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் இந்தியப் படையினர் சுட்டதில் நோயாளரும் மருத்துவரும் தாதியருமாக அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1990 மார்ச்சில் படை முழுவதும் திரும்பியபோது ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் உயிரிழந்திருந்தனர். வகுத்துக் கூறியோர் யாவரும் வீடு திரும்பினர். 690ஆம் குறளின் இறுதி, உரை சொன்னவாறே, கூறியதைச் சுமந்து சென்றோர்க்கு வாய்த்தது. உரை சொல்லாத நான்காமவர்க்கும் வாய்த்தது.

நூலின் குரல்

'அசைன்மென்ட் கொழும்பு' நேர்மையற்ற நூல் அன்று. தன்வரலாறு எழுதும் அதிகாரிகள் பலரைப்போல் தீட்சித் தம் பிழைகளை மூடிச் செல்லவில்லை. போராளிகளின் உறுதியையும் பிரபாகரனின் குறிக்கோட் பிடிப்பையும் தாம் குறைத்து மதிப்பிட்டதை ஒப்புக்கொள்கிறார். போர் மூண்டால் சில வாரங்களில் முடித்துவிடலாம் என்ற படைத்தலைமையின் கணிப்பையும் பதிவு செய்கிறார். உடன்படிக்கை உருவான நாள்களைச் சொல்லும் பகுதிகள் ஒரு நாடகத்தின் விறுவிறுப்புடையவை. இந்தியா தலையிட்டமைக்கு அவர் தரும் காரணங்களில் தமிழரின் துயர் ஒன்று. திருகோணமலைத் துறைமுகமும் அயல்நாட்டுப் படைத்தொடர்புகளும் மற்றவை. உடன்படிக்கையோடு இணைந்த கடிதங்களே பின்னவற்றுக்குச் சான்று. இவற்றை மறைக்காமல் சொன்னதற்காகவே இந்நூல் மதிக்கத்தக்கது. 'இந்தியா தமிழர்க்காகவே வந்தது' என்றும் 'தன்னலத்துக்காகவே வந்தது' என்றும் மேடையில் பேசுவோர் இருசாராரும் இந்நூலைப் பொறுமையாகப் படித்தல் நலம்.

குறை வேறிடத்தில் உள்ளது. ஒப்புக்கொள்ளப்படும் பிழைகள் யாவும் கணிப்புப் பிழைகள். ஜயவர்த்தனாவைப் பற்றிய கணிப்பு, பிரபாகரனைப் பற்றிய கணிப்பு, படைவலிமை பற்றிய கணிப்பு என அவை அரசர்க்கிடையிலான பிழைகளாகவே நின்றுவிடுகின்றன. நூலில் நடமாடுவோர் தலைவர், அமைச்சர், தளபதி, தூதர். யாழ்ப்பாணத்தார் ஒரு தொகையாக வருகின்றனர்; முகத்தோடு வருவோர் அரியர். இதற்காகத் தீட்சித்தை மட்டும் குறைகூறல் பொருந்தாது. குறளின் அதிகாரமும் பரிமேலழகர் உரையும் எந்த மூவரை வைத்தனவோ அந்த மூவரையே இவரும் வைத்தார். இருபதாம் நூற்றாண்டின் அயலுறவுப் பணியாளர் ஒருவர் நம் பழைய இலக்கணத்தை அறியாமலே அதற்கு இலக்கியம் ஆனார் எனலாம்.

அறம் பாடிய நூலில் இவ்விடம் ஏன் காலியாக விடப்பட்டது என்ற வினாவுக்கு, பொருட்பாலில் குடிகளுக்குச் செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்தசெய்யாமை எனத் தனி அதிகாரங்கள் உண்டு. தூதில் அவரை மீண்டும் கூறவேண்டுவதில்லை என்று விடை கூறலாம். கட்டுரையாளர் இவ்விடையை மறுக்கவில்லை. ஆனால் அவ்வதிகாரங்கள் ஓர் அரசன் தன் குடிகளுக்குச் செய்யவேண்டியவற்றைச் சொல்கின்றன. இரு அரசுகளுக்கும் முழுமையாக உரியரல்லாத குடிகள், ஒரு கடலின் இருகரையிலும் பேர் உடையவர்கள், எந்த அதிகாரத்தில் அடங்குவர்?

கச்சால் மாணவர் கேட்டது

இவ்வினா கட்டுரையாளரின் சொந்த வினா அன்று. அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 15 விழுக்காட்டினர். அவருள் ஒரு சிறு பிரிவினர் இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர். 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை 9,75,000 பேரைக் கணக்கிலெடுத்தது. அவருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பகுத்துக்கொண்டன. அம்மக்களின் கருத்து கேட்கப்படவில்லை. தாயகம் திரும்பியோர் எனப் பெயரிடப்பட்டவருள் சில குடும்பங்கள் நிக்கோபார்த் தொகுதியைச் சேர்ந்த கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றப்பட்டன. தேயிலை பறித்த கைகள் ரப்பர் மரம் கீறப் பழகின.

போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜய புரம்) கட்டுரையாளர் 'தூது' அதிகாரத்தை நடத்தியபோது, கச்சாலில் வேர்கொண்ட குடும்பத்து மாணவர் ஒருவர் எழுந்து, "அம்மா, யாரைப் பற்றிப் பேசத் தூது போகிறார்களோ, அவர்களைப் பற்றி இதில் குறள் இல்லையா?" என்று கேட்டார். முதலில் இல்லையென்றும் பின்னர்ப் பார்த்துச் சொல்வதாகவும் விடையளிக்கப்பட்டது. பார்த்ததன் பயனே இக்கட்டுரை.

2004 திசம்பர் 26இல் ஆழிப்பேரலை கச்சாலை மிகக் கடுமையாகத் தாக்கியது. அப்போது தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்தவர் தீட்சித். எட்டு நாள் கழித்து, 2005 சனவரி 3இல், அவரும் மறைந்தார். இவ்விரு நிகழ்வுகளுக்கும் காரண காரியத் தொடர்பில்லை. அண்டை நாட்டு உடன்படிக்கை ஒன்றனால் தீவுக்கு வந்த குடும்பங்களும் அண்டை நாட்டு உடன்படிக்கை ஒன்றனை வகுத்த தூதரும் ஒரே வாரத்துச் செய்தித்தாளில் வெவ்வேறு பக்கங்களில் இடம்பெற்றிருக்கக் கூடும் என்பதற்கு மேல் எதுவும் கூறுவதற்கில்லை.

வகுப்பு முடிந்தபின் அம்மாணவர் ஒரு செய்தி கூறினார். இந்தியக் குடியுரிமை பெற்றபோது கண்டியிலிருந்த இந்திய உதவி உயர் ஆணையரகம் அவருடைய பாட்டனாருக்கு வழங்கிய கடவுச்சீட்டு ஒரு தகரப்பெட்டியில் இருந்ததாம். பெட்டியோடு அது கடலுக்குப் போயிற்று. அதில் தம் ஊர்ப்பெயர் என்ன எழுதப்பட்டிருந்தது என்பதில் வீட்டில் இன்றும் இரண்டு கருத்து உண்டு: பாட்டி ஒரு தோட்டத்தின் பெயரைச் சொல்கிறார், தந்தை திருச்சி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றனைச் சொல்கிறார்.